மூடியின் மேல் ஈரம்

ஜூன் 3

பெட்டி மறுபடி வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஜீப் மேலே போனதைப் பார்த்தேன். பின்னால் தார்ப்பாயில் சுற்றி வைத்து, இரண்டு பேர் அதைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போனார்கள். அது உருண்டு விழ வேண்டும் என்று நினைத்தேன். விழவில்லை.

எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். தப்புத் தப்பாக எழுதுவேன். யார் படிக்கப் போகிறார்கள். இது பேங்கில் கொடுத்த பழைய டைரி, கிழமை எல்லாம் மாறிக் கிடக்கிறது. அவனோடு பேச்சை நிறுத்தியதிலிருந்து வாய்க்குள்ளேயே வார்த்தை கிடந்து புளிக்கிறது. எங்கேயாவது கொட்ட வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அவன் என்றால் இசக்கிமுத்து, என் புருசன்.

போன வருசம் ஆடி பிறந்த அந்த வாரத்தில், ஒரு விடியற்காலையில், எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. கடைசி வீடு எங்களுடையது. உள்ளே என் மகள் தர்ஷிகா மட்டும் இருந்தாள். ஏழு வயசு. எனக்குப் பேக்டரியில் ராத்திரி ஷிப்டு. இவன் வீட்டில் இல்லை. பெட்டி துடைக்கப் போயிருந்தேன் என்றான். அப்போது பெட்டிக்கு இவன்தான் ஆள். விடிவதற்கு முன்னால் எதிர்மேட்டு உச்சிக்கு ஏறிப்போய் அதன் மூடியில் இருக்கிற பனித்தண்ணீரைத் துடைத்துவிட்டு வர வேண்டும். அதுதான் வேலை.

ஆனால் விசாரணைக்கு வந்த பெரிய சார், எல்லார் முன்னாலும் பேப்பரைப் பார்த்துப் படித்தார். அன்று காலை மூடி துடைக்கப்படவில்லை, அதனால் பெட்டி காற்றில் கன்னாபின்னாவென்று ஈரம் காட்டியது, அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டோம் என்று.

அப்படியானால் இவன் எங்கே இருந்தான்? வேலாயுதம் கடையில் என்கிறது லைன். திருட்டுத்தனமாகப் பாட்டில் விற்கிற கடை. வேலாயுதத்தைக் கேட்டால் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்று சத்தியம் பண்ணுகிறான். போலீசுக்குப் பயந்தவன் பேச்சை யார் நம்புவது.

எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். பொய் சொன்னானா இல்லையா. பொய் என்றால் வருசம் திரும்பியதும் உடுமலைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், இவன் இங்கேயே கிடந்து அழுகட்டும். நிஜம் என்றால்?

நிஜமாக இருக்காது.

ஜூன் 5

மேல் டிவிசனில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. வனத்துறை ஆள் வந்து மைக்கில் கத்திவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, “அக்கா, வேலைக்குப் போறப்ப புள்ளைய எப்படி விட்டுட்டுப் போறீங்க எல்லாரும்?” என்று கேட்டாள்.

வெளியில் கொண்டி மாட்டிவிட்டுத்தான் போவோம் என்று சொன்னேன். எல்லா எஸ்டேட்டிலும் அப்படித்தான். கீழ் டிவிசனில் ஒரு பிள்ளையைச் சிறுத்தை தூக்கிய வருசம், ஆசாரியின் உயிரை எடுத்து எங்கள் பழைய லைனில் வீட்டுக்கு வீடு வெளிக்கொண்டி போட வைத்தவள் நான்தான். நல்ல தடித்த இரும்பு. மேனேஜரே பாராட்டினார்.

அதை இப்போது எதற்கு எழுதுகிறேன். அரிசி தீர்ந்துவிட்டது. சொசைட்டிக்குப் போக வேண்டும்.

ஜூன் 9

பெட்டிக்காரி வந்தாள். பேர் இந்துலேகாவாம். கோயமுத்தூர்ப் பேச்சு. அட்டைக்குப் பயந்து கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகி, அதற்கு மேல் பவுடர் கொட்டி, மாவு புரட்டிய மீன் மாதிரி நின்றாள். பீல்டு ஆபீசர் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“அம்மா, காலையில மூடி துடைக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுங்க. நீங்க வர்றீங்களா?”

“அது என் புருசன் பாத்த வேலை. அவனையே கூப்பிட வேண்டியதுதானே.”

அவள் பீல்டு ஆபீசரைப் பார்த்தாள். அவர் செருமினார்.

“அவர் சரியாச் செய்யலைன்னு ரிப்போர்ட் இருக்குதுங்க” என்றாள் அவள்.

“நான் சரியாச் செய்வேன்னு எந்த ரிப்போர்ட்ல இருக்கு?”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பழைய லைனில் அடுத்த வீட்டுக்காரியாக இருந்த ரோசம்மா, “மேடம், இவகிட்ட பேசுறதுக்கு அட்டைகிட்ட பேசிக்கலாம், அதுவாவது ரத்தம் குடிச்சுட்டு விட்டுரும்” என்றாள்.

அப்புறம் யாரோ பெட்டிக்காரி காதில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் தூரத்தில் நின்று பாவமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பெயர் தெரியும். ஒரு வருசமாக அதைத் தின்றுதான் உயிரோடு இருக்கிறேன். காறித் துப்பிவிட்டு உள்ளே போனேன்.

ஜூன் 10

சம்மதித்துவிட்டேன். சம்பளத்துக்கு இல்லை. அந்த மூடியை நான் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது அவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, “மேல வழுக்கும். எடது பக்கமாப் போ” என்றான்.

நான் வலது பக்கமாகப் போனேன். விழுந்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டது.

ஜூன் 12

மூடி துடைத்த பிறகு, விறகு பொறுக்க மேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தால் பழைய லைன் இருந்த இடம் தெரிகிறது. மஞ்சளாகக் கிடக்கிறது, அதன் மேல் புல் முளைத்துவிட்டது. அங்கே இரண்டு பேர் சண்டை போட்டால் இங்கே கேட்கும். மூடுபனி என்றால் எதுவும் தெரியாது, ஆனால் கேட்கும்.

விறகு எல்லாம் நனைந்திருந்தது. கொண்டுவரவில்லை.

ஜூன் 17

இன்று பெட்டிக்காரியிடம் கேட்டேவிட்டேன்.

பெட்டி என்னவோ பெரிய விசயம் என்று நினைத்திருந்தேன். நாலு காலில் நிற்கிற வெள்ளை டப்பா. மேலே வளைந்த மூடி, பால்கவர் மாதிரி ஒரு தோல். அதில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. காற்று ஊதிக் காய வைக்க ஒரு விசிறி உண்டாம், இந்த மலைச் சாரலுக்கு அது தாக்குப்பிடிக்காதாம். அதனால்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

“இது என்ன பண்ணுது?”

“காத்துல இருக்கிற ஈரத்தை அளக்குதுங்க. ஈரம் எப்பவுமே மெலிசா ஒரு அலையை விட்டுட்டே இருக்கும். சமைக்கிற மைக்ரோவேவ் அடுப்பு இருக்குல்லங்க, அதுல வர்ற ஜாதி அலைதான். ஆனா எறும்பு மூச்சு மாதிரி அவ்வளவு மெலிசு. பெட்டி எதையும் அனுப்பாது. சும்மா வானத்தைப் பாத்துக் காது குடுத்துக் கேக்கும். கேட்டு, மேல எவ்வளவு ஈரம் நிக்குதுன்னு சொல்லும்.”

“மூடியில தண்ணி நின்னா?”

“அந்தத் தண்ணியோட அலையத்தான் முதல்ல கேக்கும். வானம் பூரா ஈரம்னு நெனைச்சுக்கும்.”

“மேல ஒண்ணு சுத்துதுன்னாங்களே.”

“சேட்டிலைட்டுங்க. அதுவும் இதே வேலைதான் பாக்குது, மேல இருந்து கீழ. விடியறதுக்கு முன்னால ஒருக்கா இந்தப் பக்கம் போகும். அந்த நேரத்துல பெட்டி என்ன சொல்லுது, அது என்ன சொல்லுதுன்னு ஒத்துப் பாப்போம். ரெண்டும் ஒண்ணாப் போச்சுன்னா நம்பலாம்.”

“மூடுபனியில எப்படித் தெரியும் அதுக்கு?”

“மேகத்துக்குள்ளயும் பாக்கும், இருட்டுலயும் பாக்கும். அதுக்காகத்தான் இந்த அலை.”

நான் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டேன். “அப்போ போன வருசம் அன்னிக்கு, மூடியத் துடைச்சானா இல்லையான்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவள் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மனுசங்களை அது பாக்காதுங்கம்மா.”

“மனுசன யாரு பாக்கச் சொன்னா. ஈரத்தைப் பாத்துச்சில்ல? நிசமாவே காத்துல அவ்வளவு ஈரம் இருந்திருந்தா, பெட்டி சொன்னது சரி. பெட்டி சொன்னது சரின்னா மூடி துடைச்சிருக்கு. மேல அவ்வளவு ஈரம் இல்லன்னா இவன் பொய்யன். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதாங்க” என்றாள்.

“அப்போ பாத்துச் சொல்லு.”

மரியாதை கொடுக்கவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

ஜூன் 18

மழை. கொழுந்து கனம். அட்டை மூன்று இடத்தில்.

ஜூன் 25

பெட்டிக்காரி சொன்னதை எழுதிவைக்கிறேன், மறந்துபோவேன்.

சேட்டிலைட்டு பூமியைக் கட்டம் கட்டமாகப் பார்க்குமாம், ஒவ்வொரு கட்டமும் நம் எஸ்டேட்டை விடப் பெரிசு. மலை வந்துவிட்டால் அதற்குக் குழப்பம். மேட்டுத் தரை காற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதால், ஈரத்தின் அலை எது, தரையின் அலை எது என்று பிரிக்க முடியாது. அதனால் மலை விழுகிற கட்டத்தை எல்லாம் கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுவிடும். போன வருசம் இவர்கள் ஒத்துப் பார்த்தது மலைக்குக் கீழே பொள்ளாச்சிப் பக்கத்துக் கட்டத்தோடு. அங்கே அன்றைக்குக் காற்று காய்ந்து கிடந்தது. கீழே காய்ந்திருக்கிறது, மேலே பெட்டி மட்டும் இவ்வளவு ஈரம் என்கிறது, அப்படியானால் மூடி நனைந்திருக்கிறது. முடிந்தது கதை.

“பொள்ளாச்சியில வெயில் அடிச்சா இங்க மழை பேயாதா?” என்று கேட்டேன். “இங்க பொறந்த புள்ளைக்குத் தெரியுமே அது.”

“தெரியும்ங்க. எங்களுக்கும் தெரியும். ஆனா கட்டம் இல்லையே, இருக்கிற கட்டத்தை வெச்சுப் பாத்துட்டாங்க. இப்ப மலையோட உயரத்தைச் சரியாக் குடுத்து, தூக்கிப்போட்ட கட்டத்தையெல்லாம் எடுத்து மறுபடி கணக்குப் போடறோம். அதுல அந்த நாளும் வரும். கொஞ்சம் நாளாகும்ங்க.”

தூக்கிப்போட்ட கட்டத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம்.

ஜூலை 1

தையல் மெசினுக்கு ஊசி வாங்க ரோசம்மா வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

பேச்சுவாக்கில் சரிவைப் பற்றி வந்துவிட்டது. அவள் எப்போதும் என் முன்னால் அதைப் பேச மாட்டாள். இன்று அவள் மகனுக்குக் காய்ச்சல், மனசு சரியில்லை. “தரை ஆடுனதும் லைன்ல இருந்த புள்ளைங்க பூரா தானாவே வெளிய ஓடியாந்துருச்சு பவுனு. என் மவன் ஒட்டுத்துணி இல்லாம ஓடியாந்தான். நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன், உன் புள்ள மட்டும் வரல. கூப்பிட்டேன். அதுக்குள்ள மேடு வந்துருச்சு” என்றாள்.

மற்ற வீட்டில் எல்லாம் பெரியவர்கள் உள்ளே இருந்தார்கள். கொண்டி மாட்டியிருக்கவில்லை.

ஊசி வாங்காமல் வந்துவிட்டேன். அவன் அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். மாசக்கணக்காகப் பேசாத வாயைத் திறந்தேன்.

“நீ பெட்டிக்குத்தான் போனேன்னா, கதவை எப்படிச் சாத்திட்டுப் போன?”

கத்தி நின்றது.

“சொல்லு. எப்பவும் போற மாதிரிதானே போயிருப்ப. கொண்டி மாட்டுனியா?”

அவன் என்னைப் பார்த்தான். கிழங்கைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். மீதிக் கிழங்கை நான்தான் சீவினேன். கை வெட்டிக்கொண்டது.

ஜூலை 2

சாயங்காலம் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் வந்து உட்கார்ந்தான். குடித்திருக்கவில்லை.

“பவுனு. நான் கடையிலதான் இருந்தேன்.”

நான் திரும்பவில்லை.

“பெட்டிக்குப் போகல. சாயங்காலம் நீ ஷிப்டுக்குப் போனதும் பாப்பாவுக்குச் சோறு குடுத்துத் தூங்க வெச்சிட்டு வேலாயுதம் கடைக்குப் போனேன். அங்கயே விழுந்துட்டேன். ஊரு சொல்றது சரிதான்.”

“கொண்டி?”

“குடிக்கப் போற அவசரத்துல எவன் கொண்டி மாட்டுவான். சும்மா சாத்திட்டுப் போனேன். முழிச்சிருந்தா ஒரு தள்ளுத் தள்ளி வெளிய வந்திருக்கும். முழிக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிருச்சு பாப்பா. அதுக்கு எதுவுமே தெரியாது.”

கரண்டியை வீசினேன். தோளில் பட்டது. சூடான எண்ணெய். அவன் துடைக்கக்கூட இல்லை. வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவன் அம்மாவை, அவன் பிறந்த ஊரை, அவனைப் பெற்ற நேரத்தை எல்லாம் இழுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான். எல்லாம் முடிந்ததும், “கருவாடு கரியுது” என்றான்.

ஜூலை 3

நேற்று நன்றாகத் தூங்கினேன். விடியும்வரை. ஒரு வருசத்தில் முதல் தடவை.

ஜூலை 4

அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஆடியில் வருசம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றேன். “நான் அப்பவே சொன்னேன்ல, அவன் மூஞ்சியே பொய்யன் மூஞ்சிடி” என்றாள். மில்லில் வேலை கேட்டு வைப்பாளாம். மச்சானும் பக்கத்திலிருந்து, “வரச் சொல்லு, வரச் சொல்லு” என்று சத்தமாகச் சொன்னார். அவர் சத்தமாகச் சொன்னால் சந்தோசம் இல்லை என்று அர்த்தம். பரவாயில்லை.

அவன் தோள் கொப்பளித்திருக்கிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் திண்டு மேல் வைத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஜூலை 8

பெட்டிக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

“நீ இனிமே அந்தக் கணக்கெல்லாம் பாக்க வேணாம். அவனே ஒத்துக்கிட்டான். கடையிலதான் கெடந்தானாம்.”

அவள் முகம் மாறியது. “அப்படிங்களா” என்றாள். “ஆனா கணக்கு ஓடிட்டிருக்குங்களே. உங்களுக்காக மட்டும் இல்ல, எல்லா நாளுக்கும் சேத்துத்தான் ஓடுது. நிறுத்த முடியாதுங்க.”

“ஓடட்டும். எனக்குச் சொல்ல வேணாம்.”

“சரிங்க.”

துணியை உதறிக் காயப்போட்டேன். இந்தச் சாரலில் எங்கே காய்கிறது.

ஜூலை 11

அவன் இப்போது டவுனிலேயே ஆள்களிடம் சொல்கிறான், குடித்துக் கிடந்தேன் என்று. டீக்கடையில் சொன்னானாம். யூனியன் ஆபீசில் சொன்னானாம். கேட்காதவர்களிடமும் சொல்கிறான். ரோசம்மா புருசன் அவனுக்குக் குவாட்டர்சாமி என்று பேர் வைத்திருக்கிறான். அதற்கும் சிரிக்கிறான்.

சீ.

ஜூலை 13

துணிமணி எல்லாம் ஒரு பையில் அடங்கிவிட்டது. மண்ணுக்குள் போனது போக என்ன இருக்கிறது. பாப்பாவின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று டீச்சரிடமிருந்து வாங்கியது. அதை யார் எடுத்துக்கொள்வது என்று இன்னும் பேசவில்லை.

ஜூலை 16

சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்து சொல்லிவிட்டாள்.

காலையில் நான் மூடி துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஏறி வந்தாள். குடையைக்கூட விரிக்கவில்லை, லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. முகத்தில் சிரிப்பு. நல்ல செய்தி கொண்டுவருகிறவள் சிரிப்பு.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் துடைச்சிருக்காருங்க.”

நான் கை எடுக்காமல் துடைத்தேன்.

“அன்னிக்கு விடியறதுக்கு முன்னால சேட்டிலைட்டு போனப்ப மழை விட்டிருந்துச்சு. அதனால நல்லாவே பாத்திருக்கு. இந்த மலைக்கட்டத்தோட கணக்கும் பெட்டிக் கணக்கும் அப்படியே ஒண்ணாப் போகுது. மூடி நனைஞ்சிருந்தா பெட்டி இதைவிட எங்கயோ மேல போயிருக்கணும். காஞ்ச மூடிதாங்க. சேட்டிலைட்டு போறதுக்குச் சரியா முன்னால யாரோ துடைச்சிருக்காங்க. அவரைத் தவிர யாரு? ரிப்போர்ட்டை மாத்த எழுதிட்டேன். அவர் பேர்ல தப்பே இல்லைங்க.”

“அவன் கடையில இருந்தேன்னு சொன்னானே.”

“ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்குத் தெரியலைங்க. ஆனா அவர் இங்கதான் நின்னிருக்கார்.”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கட்டம் கட்டமாகக் கலர். கீழே மஞ்சள், மேலே எங்கள் இடத்தில் கருநீலம், ஈரத்தின் கலர். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நீலத்துக்குள் எங்கேயோ அவன் நின்று துணி பிழிந்துகொண்டிருக்கிறான். அந்த நீலத்துக்குள் எங்கேயோ ஒரு கதவு.

“உன்னை யாருடி கேட்டா?” என்றேன்.

“அம்மா...”

“சொல்ல வேணாம்னு சொன்னேன்ல? படிச்சவதானே, தமிழ் புரியும்ல? எதுக்குடி தூக்கிட்டு வந்த இதை?”

“உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு...”

“சரி, இதைச் சொல்லு. பெட்டி அன்னிக்கு நெசத்தைத்தான் சொல்லிச்சுல்ல. இவ்வளவு ஈரம் மேல நிக்குது, கொட்டப்போகுதுன்னு கத்திச்சுல்ல. அப்ப உங்க ஆளுங்க அதை நம்பியிருந்தா?”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“சொல்லுடி.”

“ஒரு எச்சரிக்கை குடுத்திருக்கலாங்க. குடுத்திருந்தா லைனைக் காலி பண்ணியிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா குடுத்திருக்கலாம்.”

அழ ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் முன்னால அழாத. போய் உன் கோயமுத்தூர்ல அழு” என்று ஈரத்துணியை அவள் மேல் எறிந்தேன். மார்பில் பட்டு விழுந்தது. அவள் அதை எடுத்துப் பிழிந்து, மூடியில் நான் விட்ட பாதியை அவளே துடைத்தாள். துடைக்கவும் தெரியவில்லை, கோடு கோடாக விட்டாள்.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 17

பெட்டிக்குப் போனவன், நான் போட வைத்த கொண்டியை மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

அரைக்கிலோ பருப்பு. சோப்பு. தீப்பெட்டி.

ஜூலை 18

தூக்கமில்லை. அவனும் தூங்கவில்லை. இருவரும் தூங்குகிற மாதிரி கிடந்தோம்.

ஜூலை 19

இன்று குழாயடியில் பெரிய சண்டை. எஸ்டேட் முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும்.

தண்ணி விடுகிற நேரம், எல்லாரும் குடத்தோடு நின்றார்கள். அவனும் வாளியோடு வந்தான். ரோசம்மா புருசன், “வாங்க குவாட்டர்சாமி, தண்ணி பிடிக்கவா வந்தீங்க? உங்களுக்கு இந்தத் தண்ணி ஆகாதே” என்றான். இவன் வழக்கம் போல இளித்தான்.

அந்த இளிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

“எவன்டா குவாட்டர்சாமி? என் புருசன் அன்னிக்குக் கடையில இல்ல” என்றேன்.

குழாயடி நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடியது.

“பெட்டிகிட்டதான் இருந்தான். மூடியத் துடைச்சிட்டிருந்தான். மேல பறக்குற சேட்டிலைட்டே சொல்லிருச்சு. வேணும்னா அந்த மேடத்தைப் போய்க் கேளுங்க.”

இவன் வாளியைக் கீழே வைத்தான். முகம் செத்துவிட்டது.

“எந்தச் சேட்டிலைட்டு? நான் கடையிலதான் கெடந்தேன்.”

“பொய் சொல்லாத.”

“நான் குடிச்சது எனக்குத் தெரியாதா? ரெண்டு குவாட்டரு.”

“துடைச்ச.”

“குடிச்சேன்.”

“துடைச்சடா! காஞ்ச மூடிடா அது!”

“அந்தச் சேட்டிலைட்டு ஈரத்தைத்தானே பாக்கும்? என் வயித்துக்குள்ள இருந்த ஈரத்தையும் பாத்திருக்கும், போய்க் கேளு!”

யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், கரண்டி பட்ட அந்தத் தோள்பக்கம். வலித்திருக்கும். “எல்லார் முன்னாலயும் சொல்லு, துடைச்சேன்னு சொல்லு” என்று உலுக்கினேன். அவன் என்னையே பார்த்து, யாருக்கும் கேட்காத மாதிரி, “வேணாம் பவுனு, விட்டுரு” என்றான். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “குடிச்சேன், குடிச்சேன், குடிச்சேன்” என்று கத்திவிட்டு வாளியை உதைத்துத் தள்ளிப் போனான்.

ரோசம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “புருசன் குடிச்சான்னு நாங்க சண்டை போடுவோம். குடிக்கலன்னு நீ சண்டை போடுற. உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமாடி?” என்றாள். அவள் புருசன் மட்டும் எதுவும் பேசாமல் உருண்டு கிடந்த வாளியை எடுத்து, தண்ணீர் பிடித்து, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 20

மதியம் வேலையில்லை, மழையில் கொழுந்து எடுக்க விடவில்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் எதிர்ச் சுவரில்.

“எதுக்குப் பொய் சொன்ன?”

“எதை?”

“உனக்குத் தெரியும் எதைன்னு.”

அவன் பீடிக்கட்டை எடுத்து, பற்ற வைக்காமல் திரும்பக் கீழே வைத்தான்.

“நான் அதைச் சொன்ன அன்னிக்கு நீ நல்லாத் தூங்கின” என்றான். “குறட்டை விட்ட.”

“என்னைத் தூங்க வைக்கிற வேலையை உனக்கு எவன் குடுத்தான்?”

“அப்படியே வெச்சிருந்திருக்கலாம்ல. போயிருப்ப. அங்க போயித் தூங்கியிருப்ப. மேல இருக்கிறதையெல்லாம் எதுக்குப் போய்க் கேட்ட?”

நான் எழுந்து போய் அவனை அடித்தேன். முதுகில், தலையில், எங்கே படுகிறது என்று பார்க்காமல். அவன் கையால் முகத்தை மறைக்கக்கூட இல்லை. எனக்குக் கை வலித்துத்தான் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. அவன் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது, அவ்வளவு சின்ன வீடு.

“மேல நின்னப்ப கூப்பிடுற சத்தம் கேட்டுச்சா?” என்றேன்.

“ரோசம்மா கூப்பிட்டது கேட்டுச்சு.”

“வேற?”

“வேற கேக்கல.”

இது பொய்யா நிஜமா என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

“நான் கடையில கெடந்தேங்கிறதும் இல்லன்னு ஆகிப்போச்சு. இனிமே யாரைத் திட்டுவ?” என்றான்.

“உன்னைத்தான்.”

தலையை ஆட்டினான். அது நியாயம்தான் என்கிற மாதிரி.

ஜூலை 21

பாப்பா போய் வருசமாகிவிட்டது. அவன் சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை. பழைய இடத்துக்கு இருவரும் போனோம். அவன் முன்னால், நான் பின்னால். பேசவில்லை. பூ வைத்தோம், பால் பாக்கெட் வாங்கிப்போய் ஊற்றினோம். அவளுக்குப் பிடித்த பச்சை மிட்டாய் கிடைக்கவில்லை, சிவப்பு வாங்கிவந்திருந்தான். “சிவப்பு அவ தொட மாட்டாள்னு உனக்குத் தெரியாதா, அப்பன்தானே நீ” என்று அங்கேயே வைத்துத் திட்டினேன். மழையில் நனைந்துகொண்டு கேட்டான்.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். நாளைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு மச்சானை அனுப்பட்டுமா, எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

நான் வரவில்லை என்றேன்.

“என்னடி திடீர்னு? அவன் பொய் சொன்னான்னு நீதானே சொன்ன?”

“ஆமா, சொன்னான்.”

“அப்புறம் அங்க என்ன இருக்குன்னு ஒட்டிக்கிட்டுக் கெடக்குற?”

“இங்க எனக்குத் திட்டுறதுக்கு ஆள் இருக்குக்கா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.